பொன்னுக்கு ஒரு பாதை, பசிக்கு ஒரு பாதை
(கோலார் தங்கவயலின் தொடக்க காலம் குறித்த உரை)

தகடூர் நாட்டின் வரலாறு கல்லில் நிற்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட இந்த மண்ணில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் புதர் மறைவிலும் நடுகற்கள் நின்றன. அவற்றுள் பல இன்று தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன. பல்லவர் காலத்து நடுகல் ஒன்றைப் படித்தால் அரசனின் ஆட்சியாண்டு தெரியும். ஆநிரை மீட்கச் சென்று மாண்டவன் பெயர் தெரியும். அவன் யாருடைய சேவகன் என்பது தெரியும். அண்டை வட்டாரமான செங்கத்தைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல்லில் தலைவனோடு நின்று கள்வரைக் கடித்த நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 'கோவிவன்' என்னும் அந்தப் பெயர் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் வாசிக்கப்படுகிறது.

நாய்க்கும் பெயர் பொறித்து வைத்த இந்த நாட்டிலிருந்தும், இதையடுத்த வடார்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல்லாயிரவர் மேற்கே மேட்டு நிலம் ஏறிச் சென்றனர். பூமிக்கு அடியில் இறங்கினர். உலகின் மிக ஆழமான பொற்சுரங்கங்களில் ஒன்றை வெட்டினர். அவர்களில் மாண்டவர்களுக்கு நடுகல் இல்லை. அவர்கள் ஏறிச் சென்ற இருப்புப்பாதை, எழுப்பிய ஊர், அவர்கள் விட்டுச் சென்ற எழுத்து ஆகிய மூன்றையும் பற்றியதே இவ்வுரை.

மாட்டு வண்டியில் வந்த மண்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் அரசின் எல்லைகளை அளக்கும் பணி தொடங்கிற்று. கிழக்கெல்லையை அளக்க 1802இல் வந்தவர் ஜான் வாரன் என்னும் படைத்துறை அலுவலர். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலேயர் படையில் பணியாற்றியவர். உரிகம், மாரிக்குப்பம் பக்கத்து மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. கொண்டுவந்து காட்டுவோர்க்குப் பரிசு உண்டு என அறிவித்தார். உரிகத்து மக்கள் ஒரு வண்டி மண்ணை ஓட்டிவந்து அவர் கண்ணெதிரே கழுவிக் காட்டினர். அடியில் பொன் துகள் மின்னிற்று.

வாரன் மாரிக்குப்பத்தருகே குழிகளையும் கண்டார். அவற்றின் ஆழம் முப்பது முதல் நாற்பத்தைந்து அடி. ஆண்கள் உள்ளே இறங்கிக் கல்லை உடைத்துக் கூடை கூடையாகக் கைமாற்றி மேலே அனுப்பினர். பெண்கள் பாறை மேல் வைத்து இடித்துப் பொடியாக்கினர். பிறகு நீரில் அலசினர். அந்தத் தொழிலைச் செய்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்கள் என்பதையும் வாரன் குறித்து வைத்தார். ஆக, தங்கவயலைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற் குறிப்பிலேயே அம்மக்கள் இருக்கிறார்கள். பெயர் மட்டும் இல்லை. 'கண்டுபிடித்தவர்' என்ற பட்டம் வாரனுக்குச் சென்றது. மண்ணைக் கொண்டுவந்து காட்டியவர் யார் என்று கேட்பார் இல்லை.

இதே வாரன் பின்னாளில் தமிழருக்கு வேறொரு வகையில் நெருங்கியவர் ஆனார் என்பதும் சொல்லத்தக்கது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய அவர், இந்தியக் காலக்கணிப்பு முறைகளைத் தொகுத்துக் 'கால சங்கலித' என்னும் நூலை 1825இல் வெளியிட்டார். சோழிகளைத் தரையில் பரப்பியே கிரகணத்தைக் கணித்துச் சொன்ன தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரின் முறையை அவர் வியந்து பதிவு செய்தார். சோழியால் வானத்தை அளந்தவரின் கலையை எழுதி வைத்தவரும், கூடையால் பூமியை அளந்தவர்களைப் பெயரின்றி விட்டவரும் ஒருவரே.

பஞ்சமும் உரிமமும்

வாரனின் குறிப்பு எழுபது ஆண்டுக்காலம் ஏட்டில் உறங்கிற்று. அதை எழுப்பியவர் மைக்கேல் பிட்ஸ்ஜெரால்டு லவெல். ஐரிஷ்காரர். நியூசிலாந்தில் மவோரியருக்கு எதிரான போரில் பணியாற்றியவர். அந்நாட்டுப் பொன்வேட்டையையும் அறிந்தவர். ஓய்வு பெற்றுப் பெங்களூரில் தங்கியிருந்தபோது வாரனின் குறிப்பைப் படித்தார். 1871இல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார் நோக்கிப் புறப்பட்டார். 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்தார். 1875இல் இருபது ஆண்டுகளுக்கு உரிமம் கிடைத்தது.

இங்கே ஆண்டுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தல் வேண்டும். 1875இல் உரிமம். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். தென்னிந்தியா கண்ட கொடும் பஞ்சங்களுள் அது ஒன்று. அன்றைய சேலம் மாவட்டம், வடார்க்காடு மாவட்டம், மைசூர் நாடு ஆகிய மூன்றும் அதன் வாயில் சிக்கின. தருமபுரியும் கிருட்டிணகிரியும் அந்நாளில் சேலம் மாவட்டத்தின் பகுதிகள். மானாவாரிப் புன்செயை நம்பியிருந்த இந்த வறண்ட நிலத்தில், கூலிக்கு உழைத்த நிலமற்றவர்களே முதலில் விழுந்தனர். பிழைத்தவர்கள் ஊரை விட்டனர். தேயிலைக்கும் கரும்புக்கும் கடல் கடந்தவர்கள் ஒரு சாரார். பொன்னுக்காக மேட்டு நிலம் ஏறியவர்கள் மற்றொரு சாரார். சுரங்கத்துக்கு ஆள் தேவைப்பட்ட நாளில் ஆள் பசித்துக் கிடந்தது. தங்கவயலின் அடித்தளத்தில் இருப்பது பொன்பாறை மட்டும் என்று எழுதும் வரலாறு அரை வரலாறே.

லவெலிடம் சுரங்கம் வெட்டும் அளவுக்குப் பணம் இல்லை. உரிமம் பெரஸ்போர்டு முதலிய படைத்துறை அதிகாரிகளின் கூட்டுக்குக் கைமாறிற்று. 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் உள்ளே வந்தது. மைசூர் சுரங்கக் கம்பெனி தோன்றிற்று. அதே காலத்தில் நீலகிரியை அடுத்த தேவாலா, பந்தலூர் பகுதியிலும் பொன் காய்ச்சல் பற்றியது. 1879 முதல் 1882 வரை இலண்டனில் கம்பெனிக்கு மேல் கம்பெனி தொடங்கிப் பங்குகள் விற்றார்கள். எதிர்பார்த்த பொன் வரவில்லை. எல்லாம் சரிந்து, பொறிகள் காட்டில் துருப்பிடித்தன.

கோலாரும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. போட்ட முதல் கரைந்து, மூடிவிடலாம் என்ற நிலை 1883 அளவில் வந்துவிட்டது. காப்பாற்றியவர் பிளம்மர் என்னும் சுரங்கத் தலைவர். புதிதாக ஓரிடம் தேடாமல், பழங்காலத்தார் வெட்டிய குழிகள் எந்தத் தடத்தில் இறங்கினவோ அந்தத் தடத்திலேயே அவர் மேலும் ஆழமாக இறங்கினார். 'சாம்பியன்' என்று பெயர் பெற்ற செழுமையான பொற்படிவம் அங்கே அகப்பட்டது. பெயர் தெரியாத பழைய தொழிலாளர் விட்டுச் சென்ற குழியே புதிய முதலாளிக்கு வழி காட்டிற்று. அதன்பின் மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. மைசூர் அரசுக்கு எடுக்கும் பொன்னின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு உரிமைத்தொகையாகச் சென்றது.

மலையேறிய ரயில்

தங்கவயலுக்கு ரயில் வந்த கதை இரண்டு படிகளில் நிகழ்ந்தது. முதற்படி பொன்னுக்காக நிகழ்ந்ததன்று. சென்னையிலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் நோக்கி நீண்டது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்குக் கிளை பிரிந்தது. படைவீட்டைத் துறைமுகத்தோடு இணைப்பதே அதன் நோக்கம்.

அந்தப் பாதையில் பயணம் செய்தோர் நிலம் ஏறுவதை உடலால் உணர்வர். ஜோலார்பேட்டையை விட்டு, சோமநாயக்கன்பட்டி, பச்சூர் கடந்து, மல்லானூர், குப்பம் நோக்கி வண்டி காட்டுக்கும் பாறைக்கும் நடுவே வளைந்து வளைந்து ஏறும். பவுரிங்பேட்டையை, இன்றைய பங்காரப்பேட்டையை, அடைவதற்குள் ஏறத்தாழ 75 கிலோமீட்டர்த் தொலைவில் சுமார் 400 மீட்டர் உயர்ந்துவிடும். கீழே சமவெளியின் புழுக்கம். மேலே மேட்டு நிலத்தின் காற்று. நீராவி எஞ்சின் மூச்சிரைக்க ஏறிய அந்நாளில், பின்னாலிருந்த மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் மூட்டையும் குழந்தையுமாக ஏறிச் சென்றவர்கள் தங்கள் மண்ணின் மணம் மாறுவதை அறிந்திருப்பர்.

இரண்டாம் படியே பொன்னுக்கானது. பவுரிங்பேட்டையிலிருந்து சுரங்கம் வரை பத்து மைல். கொதிகலன், இரும்புத் தூண், தாது இடிக்கும் பொறி ஆகிய அனைத்தையும் தொடக்கத்தில் மாட்டு வண்டிகளே இழுத்தன. சாம்பியன் படிவம் அகப்பட்டபின் இழுக்க வேண்டிய சுமை பன்மடங்கு பெருகிற்று. நிலக்கரி வேண்டும், மரம் வேண்டும், ஆயிரக்கணக்கானோர்க்கு அரிசி வேண்டும். மைசூர் அரசு அகலப்பாதை ஒன்றை இட்டு 1894இல் திறந்தது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்பன அதன் நிலையங்கள். சுரங்கத்தின் பெயர்களே நிலையங்களின் பெயர்களாயின. பாதை மாரிக்குப்பத்தோடு முடிந்தது. அதற்கு அப்பால் செல்லும் பயணம் கீழ்நோக்கியது: கூண்டில் ஏறிப் பூமிக்குள்.

1891இல் ஏழாயிரம் அளவில் இருந்த தங்கவயலின் மக்கள்தொகை 1901இல் முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டிற்று. இடையில் வந்தது அந்தப் பத்து மைல் இரும்பு என்பதை மறக்கலாகாது.

தட்டி வீடுகளும் மின்விளக்கும்

ஊர் இரண்டாக எழுந்தது. மேட்டில் ஐரோப்பியர் பங்களாக்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து பரம்பரைச் சுரங்கத் தொழிலாளர் வந்தனர், இத்தாலியரும் வந்தனர். ஓட்டுக் கூரை, தோட்டம், மன்றம், தேவாலயம் என அவர்கள் தங்கள் நாட்டை இங்கே நட்டனர். பள்ளத்தில் தொழிலாளர் லைன்கள். மூங்கில் தட்டியால் அடைத்த வரிசை வீடுகள். பக்கத்து வீட்டின் இருமல் இந்த வீட்டில் கேட்கும். ஒரே அறையில் அடுப்பு, பாய், தொட்டில். சங்கு ஊதினால் ஒரு ஷிப்டு எழும். மற்றொரு ஷிப்டு அதே பாயில் படுக்கும். கடைவீதிகளாக வளர்ந்த ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகியவற்றுக்கு ஐரோப்பியர் பெயர்களே வாய்த்தன. லைன்களில் இருந்தோர் பெயரால் ஒரு பேட்டையும் அமையவில்லை.

வேலைக்கு ஆள் சேர்த்தவர்கள் ஒப்பந்தக்காரர்களும் மேஸ்திரிகளும். ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிச் செல்வது வழக்கம். கம்பெனிக்குத் தெரிந்தது தலைக்கணக்கு. ஆளின் பெயர் மேஸ்திரியோடு நின்றது. 1890களில் மைசூர் அரசு தங்கவயலுக்கெனத் தனிச் சட்டம் செய்தது. பொன் கலந்த பொருளைக் கையில் வைத்திருப்பதே குற்றமாயிற்று. ஷிப்டு முடிந்து மேலே வருவோர் சோதனைக்கு உட்பட்டனர். நாள் முழுதும் பொன்னைத் தொட்டவன் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.

ஆழம் கூடக் கூட இடர் கூடிற்று. மேலே உள்ள பூமியின் பாரம் அழுத்த, பாறை முன்னறிவிப்பின்றி வெடித்துச் சிதறும். ஒரு நொடியில் சுரங்க வழி மூடிவிடும். மேலே லைன்களில் பாத்திரங்கள் அதிரும். அந்த அதிர்வைக் கேட்டவுடன் பெண்கள் சுரங்கத்தின் வாய்க்கு ஓடுவர். வெடிக்குத் தப்பியவர்களைப் பாறைத் தூள் விடவில்லை. மூச்சுப்பையில் அது படிந்து, நாற்பது வயதில் முதுமையைக் கொடுத்தது. பிற்காலத்தில் சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமாயிற்று. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும்.

இத்தனைக்கும் நடுவே அறிவியல் அதிசயம் ஒன்றும் நடந்தது. காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 148 கிலோமீட்டர் கம்பி வழியே 1902இல் தங்கவயலுக்குக் கொண்டுவந்தனர். அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அது ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905இல். காவிரியின் ஆற்றல் முதன்முதலாகச் சென்றடைந்த இடம் சுரங்கத்தின் பொறி. விறகையும் நிலக்கரியையும் தின்ற கொதிகலன்கள் குறைந்தன. கல்லை இடிக்கும் ஓசை இரவு பகலாக நீடித்தது. இடித்த தூளைச் சயனைடு கரைசலில் இட்டுப் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய சாம்பல்நிற மண்ணை ஊர்ப்புறத்தில் கொட்டினர். அது மேடாயிற்று; மேடு குன்றாயிற்று. மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட அந்தக் குன்றுகள் இன்றும் நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அவற்றின் தூள் வீடுகளுக்குள் புகுகிறது. இயற்கை படைக்காத மலை அது. அதன் ஒவ்வொரு பிடியும் ஒரு மனிதன் கீழிருந்து அள்ளிக் கொடுத்தது.

பெயரை மீட்ட எழுத்து

இலக்கிய வட்டத்தின் மேடையில் இதைச் சொல்ல வேண்டிய காரணம் இனிதான் வருகிறது. கூலிக்கணக்கில் எண்ணாக இருந்த அந்த மக்கள் எழுத்தைப் பிடித்தனர். அதுவும் தமிழ் எழுத்தை.

அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அது பின்னர்த் 'தமிழன்' ஆயிற்று. அவ்விதழுக்கும் அச்சங்கத்துக்கும் சென்னைக்கு அடுத்த பெருநிலம் கோலார் தங்கவயலே. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் சங்கக் கிளைகள் எழுந்தன. ஷிப்டு முடிந்து, சோதனை முடிந்து, குளித்து முடித்து வந்தவர்கள் கூடி இதழை வாசித்தனர். வாசிக்கத் தெரியாதவர்க்குத் தெரிந்தவர் வாசித்துக் காட்டினர். ஒரு பைசா விலை என்பதற்கு அங்கே தனிப்பொருள் உண்டு. பொன்னை வெட்டியவனின் கையில் மிஞ்சியது பைசா. அந்தப் பைசாவால் அவன் வாங்கியது அறிவு.

1914இல் பண்டிதர் மறைந்தார். ஆயினும் தங்கவயல் அவரை விடவில்லை. சித்தார்த்தா புத்தகசாலை என்னும் பெயரில் அங்கே இயங்கிய பதிப்பகம் அவருடைய நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. நின்றுபோயிருந்த 'தமிழன்' இதழை 1926இல் பண்டிதர் ஜி. அப்பாத்துரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். நூற்றாண்டின் இறுதியில் அயோத்திதாசர் சிந்தனைகள் மறுபதிப்புப் பெற்றுத் தமிழ் ஆய்வுலகம் வியந்தபோது, அந்தப் பழைய இதழ்களையும் நூல்களையும் காத்து வைத்திருந்தோரில் தங்கவயல் குடும்பங்கள் முக்கியமானவை என்பது வெளிப்பட்டது. பல்கலைக்கழகம் காக்காததைத் தட்டி வீடு காத்தது.

1930இல் தொழிலாளர் ஒவ்வொருவரின் விரல்ரேகையையும் பதிவு செய்யக் கம்பெனி முற்பட்டது. குற்றவாளியிடம் பெறும் பதிவைக் கூலியிடமும் பெறுவதா என்று தொழிலாளர் கொதித்தனர். வேலைநிறுத்தம் 21 நாள் நீடித்தது. கூலி உயர்வு கேட்டு எழுந்த போராட்டங்கள் பல உண்டு. மானம் கேட்டு எழுந்தது இது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதழ் வாசித்துப் பழகிய ஊரில் அப்படி ஒரு போராட்டம் எழுந்ததில் வியப்பில்லை. தன் பெயரைத் தானே எழுதக் கற்றவன் விரலை மையில் தோய்க்க மறுப்பான்.

பசிக்கு இட்ட பாதை

இனி, தருமபுரிக்குத் திரும்ப வேண்டும். தாது வருடப் பஞ்சத்துக்குப் பின் அமைந்த பஞ்சக்குழு 1880இல் ஒரு பரிந்துரை செய்தது. தானியம் ஓரிடத்தில் குவிந்திருக்க மற்றோரிடத்தில் மக்கள் மடிவதைத் தவிர்க்க, வறண்ட பகுதிகளுக்கு இருப்புப்பாதை இட வேண்டும் என்பது அது. அந்த எண்ணத்தின் பயனாக எழுந்த சிறு பாதைகளுள் இரண்டு இம்மண்ணுக்கு உரியவை. ஒன்று, திருப்பத்தூரிலிருந்து கிருட்டிணகிரிக்கு 1905இல் வந்தது. மற்றொன்று, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்தது. 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டரை அடி அகலமே உடைய குறுகிய பாதைகள். சிறிய எஞ்சின், சிறிய பெட்டிகள்.

அதற்கு முன் நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து தங்கவயலுக்குப் புறப்பட்டவர் மொரப்பூர் வரை நடக்க வேண்டும், அல்லது வண்டி கட்ட வேண்டும். அங்கே ரயிலேறி, ஜோலார்பேட்டையில் மாறி, பவுரிங்பேட்டையில் மீண்டும் மாற வேண்டும். சிறு ரயில் வந்தபின் தருமபுரியிலேயே ஏறலாம் என்றாயிற்று. பஞ்சத்துக்குத் தானியம் கொண்டுவர இட்ட பாதை, ஆளைக் கொண்டுபோகவும் வழியாயிற்று.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. இரும்பு வேண்டும் என்றது அரசு. 1941இல் மொரப்பூர்ப் பாதை மூடப்பட்டது. கிருட்டிணகிரிப் பாதையும் மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தனர். அதே போர்க்காலத்தில் பவுரிங்பேட்டை – மாரிக்குப்பம் பாதையை யாரும் தொடவில்லை. பொன்னுக்கு இட்ட பாதை நின்றது; பசிக்கு இட்ட பாதை பெயர்ந்தது. ஓர் அரசு எதை முதலில் வைக்கிறது, எதைக் கடைசியில் வைக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சான்று அரிது.

சேலத்திலிருந்து ஓமலூர், தருமபுரி வழியாகப் பெங்களூருக்கு மீட்டர்ப் பாதை வந்தது 1960களில். நல்லம்பள்ளிக்கு அண்மையில் சிவாடி நிலையம் அப்போதுதான் வாய்த்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தருமபுரி நகரம் ரயில் இன்றி இருந்திருக்கிறது. மொரப்பூரோடு மீண்டும் இணைக்கும் திட்டமோ இருபத்தோராம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. பழைய பாதையின் மண்மேடுகள் சில இடங்களில் வயலுக்குள் கரைந்துவிட்டன.

பொன் தீர்ந்தபின்

தங்கவயலின் பிற்காலத்தைச் சுருக்கமாகக் கூறலாம். 1956இல் மைசூர் அரசும் 1962இல் நடுவணரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972 முதல் அது பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயிற்று. பொன்னின் அளவு குறைந்தது. எடுக்கும் செலவு கூடிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த பொன் சுமார் 800 டன். அண்மைக் காலத்தில் திரைப்படங்கள் இவ்வூரின் பெயரை ஊரறியச் செய்தன. 2024இல் வந்த 'தங்கலான்' வடார்க்காட்டிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்களின் கதையை மையமாக்கிற்று. திரை தொட்டுக் காட்டியதை ஏடு நிறைவு செய்ய வேண்டும்.

இன்று விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில்கள் நிரம்பி வழிகின்றன. சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரர்களும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பொன்னைச் சுமக்க 1894இல் இட்ட பாதை, பொன் தீர்ந்தபின் மனிதரைச் சுமந்தே உயிர் வாழ்கிறது. அவ்வளவில், அந்தப் பாதையும் இறுதியில் பசிக்கு உரிய பாதையாகிவிட்டது. அதை அரசு எண்ணி இடவில்லை. அம்மக்களின் கால்கள் அப்படி ஆக்கின.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் கவிதை படித்திருக்கிறது. சங்க நூல்களை விளக்கியிருக்கிறது. நூல்களை அறிமுகம் செய்திருக்கிறது. அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணி காத்திருக்கிறது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் சேரிகளிலும் சிற்றூர்களிலும் 'எங்கள் பாட்டன் தங்கவயலுக்குப் போனார்' என்று சொல்லக்கூடிய முதியோர் இன்னும் இருப்பர். போனவர் பெயர் என்ன? எந்தச் சுரங்கம்? திரும்பினாரா? அவர் பாடிய பாட்டு, எழுதிய கடிதம், வாங்கி வந்த இதழ் ஏதேனும் உண்டா? இவற்றைக் கேட்கப் பெரும் செலவு வேண்டாம். ஒரு குறிப்பேடும், உட்கார்ந்து கேட்கும் பொறுமையும் போதும். ஆனால் காலம் குறைவு. கேட்காமல் விட்ட ஒவ்வொரு முதியவரோடும் ஒரு தலைமுறையின் பெயர்ப்பட்டியல் மண்ணுக்குள் போகிறது. அதைத் தோண்டி எடுக்க எந்தக் கூண்டும் இறங்காது.

அப்பெயர்களைத் திரட்டி, ஊர்வாரியாக எழுதி, ஆண்டுதோறும் ஒரு சிறு நூலாக வெளியிட்டால் போதும். கவிதை தானே பின்னால் வரும். தகடூர் நாட்டுக் கல்தச்சன் முதலில் பெயரைத்தான் கேட்டறிந்தான்; பிறகே உளியை எடுத்தான். ஆநிரை மீட்டவனுக்கு அவன் செய்த கடமையைப் பொன் எடுத்துக் கொடுத்தவனுக்குச் செய்ய வேண்டியவர்கள் எழுத்தாளர்களே.